எல்லை இல்லாதவர் ஒரு முழக் கல்லுக்குள் எப்படி?

கேள்வி: மார்கழி முழுவதும் வீட்டில் திருவெம்பாவை படித்தோம். "ஆதியும் அந்தமும் இல்லா" என்று முதல் அடியைப் படித்ததுமே என் 9 வயது மகன் கேட்டான்: "முடிவே இல்லாதவர்னா நம்ம ஊர் கோயில் ரூமுக்குள்ள எப்படிம்மா இருக்கார்? எல்லாத்தையும் அவர் படைச்சார்னா அவரை யார் படைச்சது?" எனக்குப் பதில் தெரியவில்லை. "சாமியைப் பத்தி அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று அடக்கிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கே உறுத்தலாக இருக்கிறது. பூசையில் கண்ணை மூடி அந்த எல்லையில்லாதவரை நினைக்கப் பார்த்தால், இருட்டு வானம் மாதிரி ஒரு வெட்டவெளிதான் வருகிறது. இரண்டு நிமிடத்தில் பயந்து கண்ணைத் திறந்துவிடுகிறேன். எங்கே தவறு செய்கிறேன்? — ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகனிடம் போய், "நீ கேட்டது நல்ல கேள்விதான், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். அவன் கேட்டது தமிழ்ச் சைவத்தின் தத்துவ நெறியான சைவ சித்தாந்தத்தின் வாசற்படியிலேயே இருக்கும் கேள்வி. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தில் மொத்தம் 12 சூத்திரங்கள், 40 அடிகள். காப்புச் செய்யுள் முடிந்ததும் அந்த நூல் கடவுளைப் புகழ்ந்து தொடங்கவில்லை. "அவன் அவள் அது" என்று கண்ணெதிரே இருக்கும் உலகத்தைச் சுட்டிக்காட்டி, இது தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது, ஆகவே இதை நடத்த ஒரு முதல்வன் வேண்டும் என்று வழக்காடித்தான் தொடங்குகிறது. கேள்வி கேட்பது பாவம் என்றால் அந்த நூலே எழுந்திருக்காது.

நீங்கள் படித்தது திருவெம்பாவை என்பதால் நான் சைவ சித்தாந்த நெறியில் நின்றே பதில் சொல்கிறேன். அத்வைத வேதாந்தமும் வைணவமும் இதையே வேறு வழியில் விளக்கும். இரண்டு மூன்றைக் கலந்து படித்துக் குழம்பியவர்கள் நிறைய. ஒன்றில் காலூன்றிய பிறகு மற்றதைப் பாருங்கள்.

உங்கள் பயத்திலிருந்து தொடங்குகிறேன். மகனுடைய இரண்டு கேள்விகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

"எல்லை இல்லாதவர்" என்றதும் நாம் "ரொம்ப ரொம்பப் பெரியவர்" என்று எடுத்துக்கொள்கிறோம். மனம் உடனே வீட்டை விரித்து ஊராக்கி, ஊரை விரித்து உலகமாக்கி, வானத்துக்குப் போய் அங்கே திணறி நிற்கிறது. நீங்கள் பார்த்த அந்த இருட்டு வெளி இறைவன் இல்லை. அது ஆகாயம். உலகமும் உடலும் மனமும் ஆகியிருக்கும் அடிப்படைக் கூறுகளைச் சித்தாந்தம் தத்துவங்கள் என்கிறது. அவை 36: ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5. இவை அத்தனையும் மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து விரிந்தவை, அறிவில்லாதவை. கீழிருந்து எண்ணினால் நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம். ஆகாயம் ஐந்தாவது படி. அதற்கு மேலே இன்னும் 31 இருக்கின்றன. அவை எல்லாவற்றையும் கடந்து நிற்பவரைத் தேடிப் புறப்பட்டு ஐந்தாவது படியிலேயே நின்றுவிட்டால், எதிரே இருப்பது அறிவும் அன்பும் இல்லாத வெறுமைதான். அதைப் பார்த்து மனம் பயப்படாமல் என்ன செய்யும்? உங்கள் பக்தியில் குறை ஒன்றும் இல்லை. தேடிய இடம்தான் தவறு.

திருக்குறளின் ஒன்பதாம் குறளில் வரும் "எண்குணத்தான்" என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் சைவ ஆகமங்களின்படி எட்டுக் குணங்களை எடுத்துச் சொல்கிறார்: தன்வயத்தனாதல், தூய உடம்பினனாதல், இயற்கை உணர்வினனாதல், முற்றும் உணர்தல், இயல்பாகவே பாசங்களின் நீங்குதல், பேரருள் உடைமை, முடிவில் ஆற்றல் உடைமை, வரம்பில் இன்பம் உடைமை. இந்த எட்டையும் மெதுவாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உருவத்தில் பெரியவர் என்று எங்கேயாவது வருகிறதா? "முடிவில்" என்ற சொல் ஆற்றலோடு சேர்ந்து வருகிறது. "வரம்பில்" என்பது இன்பத்தோடு. அறிவுக்குத் தடை இல்லை, அருளுக்குத் தடை இல்லை, ஆற்றலுக்கும் இன்பத்துக்கும் தடை இல்லை. எல்லையின்மை என்று நம் பெரியோர் சொன்னது இந்தத் தடையின்மையைத்தான். முழம் போட்டு அளக்கிற பேச்சே இதில் கிடையாது.

இனி "அவரை யார் படைத்தது?"

குழந்தைக்குச் சொல்ல அடுப்படியே போதும். இட்லி யார் செய்தது? அம்மா. எதிலிருந்து? மாவிலிருந்து. எதை வைத்து? இட்லிப் பானை, தட்டு, தண்ணீர், நெருப்பு. எந்தப் பொருள் உண்டாவதற்கும் இந்த மூன்றும் வேண்டும். நூல்கள் குடத்தை வைத்துச் சொல்லும்: மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை முதற்காரணம், இறைவனுடைய ஆற்றலாகிய சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். ஒன்றுமே இல்லாததிலிருந்து கடவுள் உலகத்தை உண்டாக்கினார் என்பது கிறித்தவ, இசுலாமிய மரபுகளின் கொள்கை. சித்தாந்தம் அப்படிச் சொல்வதில்லை. இல்லது வாராது, உள்ளது போகாது என்பது இதன் அடிப்படை. இதற்குச் சற்காரிய வாதம் என்று பெயர். நுண்ணிய நிலையில் ஒடுங்கிக் கிடந்ததைப் பருநிலைக்குக் கொண்டுவருவதைத்தான் இங்கே "படைத்தல்" என்கிறோம்.

குயவன் உவமையை எதுவரைக்கும் கொண்டுபோகலாம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். குயவனுக்குக் கை வலிக்கும், சக்கரம் உடைந்தால் வேலை நின்றுபோகும். இறைவனுக்கு அந்த உழைப்பு இல்லை. அதற்கு நூல்கள் வேறு உவமை வைத்திருக்கின்றன. சூரியன் உதிக்கிறது, ஒரே குளத்தில் ஒரு தாமரை மலர்கிறது, ஒன்று மொட்டாக நிற்கிறது, ஒன்று வாடுகிறது. சூரியன் எதையும் தொடவில்லை. அதன் முன்னிலையிலேயே எல்லாம் நடக்கிறது. குயவன் உவமை "செய்தவன் ஒருவன் உண்டு" என்பதற்கு. சூரியன் உவமை "செய்வதால் அவன் மாறுவதில்லை" என்பதற்கு. ஒன்றன் வேலையை மற்றதன் தலையில் ஏற்றினால் பிள்ளைகள் சுலபமாக மடக்கிவிடுவார்கள்.

அவரைச் செய்தவர் யார் என்பதற்கு வருகிறேன். உறுப்புகளாகப் பிரிந்து, ஒரு காலத்தில் தோன்றி, ஒரு காலத்தில் அழியும் பொருளுக்குத்தான் செய்தவன் தேவை. இட்லிக்கு அம்மா வேண்டும் என்பதால் அம்மாவையும் மாவு கரைத்து ஊற்றி வேகவைத்திருக்க வேண்டும் என்று ஆகாது. இறைவனுக்கு ஒரு படைப்பவர் என்று வைத்தால் அவருக்கு ஒருவர், அவருக்கு இன்னொருவர் என்று ஓடிக்கொண்டே இருக்கும். தருக்க நூலில் இதற்கு அனவத்தை என்ற குற்றம் என்று பெயர். நிற்க இடமில்லாத வாதம் எதையும் நிலைநாட்டாது. இன்னொன்றும் இருக்கிறது. "அவருக்கு முன்னாடி யார்?" என்பதில் "முன்னாடி" என்ற சொல்லைக் கவனியுங்கள். காலம் இருந்தால்தான் முன், பின் என்று பேச முடியும். அந்தக் காலமும் 36 தத்துவங்களில் ஒன்று. வித்தியா தத்துவம் ஏழில் வருவது. காலத்தையே மாயையிலிருந்து தோற்றுவிப்பவருக்கு முன்னால் ஒரு காலம் எங்கிருந்து வரும்? நீங்கள் படித்த திருவெம்பாவையிலேயே ஒன்பதாம் பாட்டில் "முன்னைப் பழம்பொருட்கும் முன்னைப் பழம்பொருளே, பின்னைப் புதுமைக்கும் பேர்த்தும் அப்பெற்றியனே" என்று வந்தது நினைவிருக்கும். பழமைக்கும் பழமை, புதுமைக்கும் புதுமை. காலக்கணக்கு அவரிடம் செல்லாது என்பதை இரண்டே வரியில் மாணிக்கவாசகர் முடித்துவிட்டார்.

கூர்மையான ஒருவர் இங்கே குறுக்கே கேட்பார்: "உயிரும் அநாதி, அதாவது தொடக்கம் இல்லாதது, மாயையும் அநாதி, உயிரின் அறிவை மறைக்கும் ஆணவமும் அநாதி என்கிறீர்களே, இத்தனை பேர் பக்கத்தில் இருந்தால் இறைவன் எப்படி எல்லையில்லாதவர்?" சித்தாந்தத்தின் மீது வைக்கப்படும் கனமான கேள்வி இது, இதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. எண்குணத்தின் முதல் சொல்லே இதற்கு விடை: தன்வயத்தனாதல். மாயை சடம், தானாக அசையாது. உயிருக்கு அறிவு உண்டு, ஆனால் காட்டினால்தான் காணும். கண்ணில் பார்வை இருந்தும் இருட்டில் விளக்கு வேண்டியிருப்பது போல. என்றும் இருப்பது வேறு, தன் வயத்தில் இருப்பது வேறு. தன் வயத்தில் இருப்பவர் ஒருவரே. மற்றவை அவருக்குள் அடங்கி நிற்பவை, அவரை ஒதுக்கி இடம் பிடிப்பவை இல்லை. கடல்வெளி, அதில் நீர், நீரில் உப்பு என்று நூல் உவமை சொல்லும். வெளி இறைவன், நீர் உயிர், உப்பு ஆணவம் முதலிய அழுக்காகிய மலம். உப்பு நீரைப் பற்றுகிறது, வெளியைப் பற்றுவதில்லை. நீர் நிறைந்ததால் வெளி ஒரு விரற்கடைகூடக் குறைவதும் இல்லை. (சாந்தோக்கிய உபநிடதத்திலும் தண்ணீரில் கரைந்த உப்பு வரும். அங்கே உப்பு பரம்பொருளைக் குறிக்கிறது, இங்கே மலத்தை. இரண்டையும் கலந்து ஒப்பித்துவிடாதீர்கள்.)

இப்போது கோயிலுக்குள் வருவோம். மனிதர் செய்து நிறுவும் சிவலிங்கத்துக்கு மூன்று பாகம். அடியில் சதுரம், பிரம பாகம். அது தரைக்குள் போய்விடும். நடுவில் எட்டுப் பட்டை, விஷ்ணு பாகம். அதை ஆவுடையார் என்னும் பீடம் மூடிக்கொள்ளும். மேலே உருண்டையாக நாம் காண்பது உருத்திர பாகம் மட்டும். இலிங்கம் என்ற சொல்லுக்கே அடையாளம் என்றுதான் பொருள். கண்ணுக்குத் தெரிவதால் உருவம், கண், கை, கால் என்று உறுப்பு இல்லாததால் அருவம், ஆகவே அருவுருவம். சிதம்பரத்தில் மூன்றையும் ஒரே சபையில் பார்க்கலாம். நடராசர் உருவம், படிக லிங்கம் அருவுருவம், திரைக்குப் பின்னால் பொன் வில்வ மாலை மட்டும் தொங்கும் இரகசியம் அருவம். அங்கே காட்டும் வெளி உங்களைப் பயமுறுத்திய வெளி இல்லை. சித், அம்பரம்: அறிவாகிய வெளி.

எங்கும் இருப்பவர் அங்கே மட்டும் எப்படி என்றால், அங்கே மட்டும் என்று யாரும் சொல்லவில்லை. பாலிலும் நெய் இருக்கிறது, தயிரிலும் இருக்கிறது. பாலில் தெரியாமல் இருக்கிறது, தயிரில் திரண்டு விளங்குகிறது. சிவஞான போதத்தின் 12ஆம் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் என்றே தொழச் சொல்கிறது. உரையாசிரியர்கள் அந்த இடத்தில் தரும் விளக்கம் இதுதான். பிற இடங்களில் பாலில் நெய் போல, ஆலயத்தில் தயிரில் நெய் போல. இன்னொன்றும் யோசியுங்கள். அளவுள்ள பொருளைத்தான் பங்கு போட முடியும், பங்கு போட்டால் குறையும். அளவே இல்லாததில் நம் ஊருக்கு ஒரு துண்டு, அடுத்த ஊருக்கு ஒரு துண்டு என்பதில்லை. எங்கே விளங்கினாலும் முழுமையாகவே விளங்கும்.

பயிற்சிக்கு வருகிறேன். அப்பர் ஒரு பாட்டில் விறகில் தீ, பாலில் நெய் என்று சொல்லிவிட்டு, வழியையும் சொல்கிறார்: "உறவு கோல்நட்டு உணர்வு கயிற்றினால் முறுக வாங்கிக் கடைய முன்நிற்குமே." உறவு மத்து, உணர்வு கயிறு. வீட்டில் வெண்ணெய் எடுத்தவர்களுக்கு இந்த அடி நன்றாகவே புரியும். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு தேக்கரண்டி உறைமோர் விட்டு, ஆறு முதல் எட்டு மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். அரைகுறையாக உறைந்ததைக் கடைந்தால் நுரைதான் வரும். கயிற்றை ஒரு கையால் மட்டும் இழுத்தால் மத்து சுழலாது. தளர்வாகப் பிடித்தால் கயிறு வழுக்கும். அதனால்தான் "முறுக வாங்கி". சூடாக இருந்தால் வெண்ணெய் திரளாமல் மோரோடு குழைந்துவிடும், ஒரு குவளை குளிர்ந்த நீர் விட வேண்டும். சரியாகச் செய்தால் ஒரு நெல்லிக்காய் அளவு திரளும். திரளுவதற்குச் சற்று முன்புவரை ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். பலரும் கைவிடுவது அந்த இடத்தில்.

நீங்கள் உறைய வைக்காமல் பச்சைப் பாலைக் கடைந்தீர்கள். உருவத்தில் மனம் உறையும் முன்பே அருவத்துக்குப் போனீர்கள். ஆகவே முறையை மாற்றுங்கள். மொத்தம் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் போதும். கிழக்கோ வடக்கோ பார்த்து உட்காருங்கள். திருநீறு இட்டுக்கொள்ளுங்கள். விளக்கும் நடராசர் படமும் கண் மட்டத்தில், மூன்று நான்கு அடி தள்ளி இருக்கட்டும். முதல் ஐந்து நிமிடம் கண்ணை மூடவே வேண்டாம். தூக்கிய திருவடியை மட்டும் பாருங்கள்; முகம், சடை, திருவாசி என்று அலைய வேண்டாம். பிறகு ஒரு திருமுறைப் பாட்டை வாய்விட்டுப் பாடுங்கள். புதுப்பாட்டு தேடாமல் ஒரு மாதம் ஒரே பாட்டு. அதன்பின் உருத்திராக்க மாலை ஒரு சுற்று, 108 முறை ஐந்தெழுத்து, உதடு அசையும் அளவில். வேகமாக உருட்டினால் எண்ணிக்கைதான் மிஞ்சும். ஏழெட்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கண்ணை மூடுங்கள். அப்போது எதையும் விரிக்க முயலாதீர்கள். "நான் காண வேண்டும்" என்பதை விட்டு, "என்னைக் காண்கிறார்" என்று இருங்கள். முற்றும் உணர்பவர் அவர்தானே. முதல் 48 நாட்களுக்கு இந்த இரண்டு மூன்று நிமிடத்தைக் கூட்ட வேண்டாம்.

நடுவில் அந்த வெளி மறுபடி வந்தால் உடனே கண்ணைத் திறந்து விளக்கைப் பாருங்கள், அல்லது திருவடியை நினையுங்கள். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். சில நாளில் கண்ணுக்குள் வெளிச்சம், வண்ணம் என்று ஏதாவது தெரியலாம். கண் மூடினால் எல்லோருக்கும் தெரிவதுதான். அதைக் கடவுள் காட்சி என்று நாட்குறிப்பில் எழுதவும் வேண்டாம், அதைத் தேடிப் போகவும் வேண்டாம். பூசை நேரத்துக்கு வெளியேயும் படபடப்பு, தூக்கமின்மை, காரணமில்லாத திகில் என்று தொடர்ந்தால் தியானத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். பாட்டும் மலர் சாத்துவதும் கோயிலுக்குப் போவதும் தொடரட்டும். நூல்கள் சரியை, கிரியை என்று சொல்லும் இந்தத் தொண்டும் பூசையும் குறைந்த வழிபாடு இல்லை. தீட்சை வேண்டும் என்று தோன்றினால் நேரில் ஆசிரியரிடம் பெறுங்கள். காணொளி பார்த்து மந்திரங்களைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

மகனுக்கு இரண்டு காட்சிகள் காட்டலாம். காலை எட்டு மணி வாக்கில் ஓர் அறையின் சன்னல்களைச் சாத்தி, ஒரு கதவை மட்டும் விரல் அளவு திறந்து வையுங்கள். உள்ளே விழும் வெயில் கீற்றில் தூசி மிதப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணச் சொல்லுங்கள், முடியாது. திருவாசகத்தின் திருவண்டப்பகுதி அங்கிருந்துதான் பேசுகிறது. அண்டங்கள் நூற்றொரு கோடிக்கும் மேல் விரிந்து கிடக்கின்றன. அவை அத்தனையும் இறைவன் முன்னால் "இல்நுழை கதிரின் துன்அணுப் புரைய", வீட்டுக்குள் நுழையும் கதிரில் தெரியும் நெருங்கிய தூசிகளைப் போலச் சிறியவை ஆகும்படி அவர் பெரியவர் என்கிறது. கையை நீட்டி அந்தக் கீற்றில் வைக்கச் சொல்லுங்கள். தூசி தெரிவது கதிரால்தான், கதிர் தூசிகளுக்கு நடுவிலேயே இருக்கிறது என்பதை அவனே கண்டுகொள்வான்.

இன்னொன்று கோயிலில். கருவறையைச் சுற்றி வரும்போது பின்புறச் சுவரின் மாடத்தில் பல சோழர் காலக் கோயில்களில் லிங்கோத்பவர் இருப்பார். கிழக்கு பார்த்த சன்னதி என்றால் அது மேற்குச் சுவர். தூணைப் பிளந்தது போன்ற நீள்வட்டத்துக்குள் இறைவன் நிற்பார். மேலே அன்னமாகப் பறந்து பிரமன் முடியைத் தேடுகிறார், கீழே பன்றியாக மண்ணைக் குடைந்து திருமால் அடியைத் தேடுகிறார். அவசரமாக வலம் வருபவர்கள் பார்க்கத் தவறும் ஒன்று அந்தச் சிற்பத்தில் உண்டு. சிற்பி முழங்காலுக்குக் கீழே செதுக்கியிருக்க மாட்டார். பாதம் தூணுக்குள்ளேயே மறைந்திருக்கும். திருவெம்பாவையின் பத்தாம் பாட்டும் "பாதாளம் ஏழினும்கீழ் சொற்கழிவு பாதமலர்" என்றுதான் தொடங்குகிறது. அடுத்த முறை போகும்போது நீங்களாக எதுவும் சொல்லாமல் அவனை அந்த மாடத்தின் முன் நிறுத்தி, "சாமியோட கால் எங்கடா இருக்கு, கண்டுபிடி" என்று மட்டும் கேளுங்கள். அவன் தேடி முடிக்கும்வரை காத்திருங்கள்.